தண்ணீருக்குள் முளைக்கும் நெல்

ஒடிசாவில் மகாநதிக் கரையில் ஒரு சிற்றூர். ஜூன் மாதம். உழவர் ஒருவர் தம் வயலில் நேரடியாக நெல் விதைத்தார். நாற்று விட்டு நடக் கையில் காசு இல்லை. விதைத்த அன்று இரவே பெருமழை பெய்தது. வயலில் தண்ணீர் தேங்கியது. பத்து நாள் கழித்துத்தான் வடிந்தது. வயலில் முளையே இல்லை. விதை அழுகிவிட்டது.

"வெள்ளம் தாங்கும் நெல் என்றார்களே! ஏமாற்றிவிட்டார்களே!" என்று அவர் புலம்பினார்.

அவரை யாரும் ஏமாற்றவில்லை. அவர் விதைத்தது சுவர்ணா-சப்1. இது 2009இல் இந்தியாவில் வெளியிடப்பட்ட ரகம். இதன் பயிர் இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்கும். அந்தக் குணம் ஒடிசாவின் பழைய நாட்டு நெல்லிலிருந்து வந்தது. ஆனால் அது வளர்ந்த பயிருக்குத்தான் உதவும். முளைக்கும் விதைக்கு உதவாது.

ஏன் அப்படி?

அம்மாவின் முகச்சாயல் மகளுக்கு வருகிறது அல்லவா? அப்படி வழிவழியாக வரும் கட்டளைதான் மரபணு. நெல்லுக்கும் மரபணுக்கள் உண்டு. சப்1 மரபணு மூழ்கிய பயிரிடம், "வளராதே, சத்தைச் சேமித்து வை" என்கிறது. முளைக்கும் விதை அப்படிச் சும்மா இருந்தால் செத்துப்போகும். அது குழல் போன்ற முளையை விரைவாக மேலே நீட்ட வேண்டும். முளையின் நுனி தண்ணீருக்கு மேலே வந்தால் காற்று கிடைக்கும். விதை பிழைக்கும்.

முளை நீளச் சர்க்கரை வேண்டும். விதையில் இருப்பதோ மாவு. மாவு சர்க்கரையாக மாற வேண்டும். கொஞ்சம் சர்க்கரை சேர்ந்ததும் பல நெல் ரகங்களில் "போதும்" என்ற சேதி போகிறது. மாவு கரைவது நின்றுவிடுகிறது. மியான்மர் நாட்டின் காவ் ஹ்லான் ஆன் என்னும் நாட்டு நெல்லில் ஒரு மரபணு இந்தச் சேதியை அடக்கிவைக்கிறது. மாவு தொடர்ந்து சர்க்கரையாகிறது. முளையும் நீள்கிறது. இந்த மரபணு இன்னது என்று 2015இல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். பெயர் பெற்ற ஐ.ஆர்.64 நெல்லில் இது இல்லை. விளைச்சல் நன்றாக இருந்தும் இது ஒரு குறைதான்.

இந்த மரபணுவையும் சப்1 மரபணுவையும் கலப்பு முறையில் ஒரே நெல்லில் சேர்த்துப் பார்த்தார்கள். ஒன்று மற்றொன்றைக் கெடுக்கவில்லை.

"இப்போது என்ன செய்வது?" என்று கேட்டார் உழவரின் மனைவி.

அவர்கள் கடன் வாங்கி அதே விதையை மறுபடி வாங்கினார்கள். இந்த முறை மேட்டு நிலத்தில் நாற்றங்கால் போட்டார்கள்.