ஆயிலில் பெட்ரோல் கலந்தால் யார் பொறுப்பு?

கேள்வி: என்னுடையது 2017-இல் வாங்கிய கார்புரேட்டர் வண்டி. மதுரையில் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து தந்தார்கள். அதிலிருந்து வண்டி நின்ற இடத்தில் பெட்ரோல் வாடை. ஒரு வாரம் வெளியூர் போய்த் திரும்பிப் பார்த்தால், என்ஜின் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருந்தது. பெட்ரோல் நாற்றம் வேறு. திரும்பக் கொண்டுபோனேன். ஆயிலை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். சில வாரங்களில் நடுரோட்டில் என்ஜின் பிடித்துக்கொண்டது. வண்டி இப்போது அவர்களிடம் நிற்கிறது. என்ஜினை இன்னும் பிரிக்கவில்லை. 24,000 ரூபாய் கேட்கிறார்கள். "பெட்ரோல் டேப்பை மூடாதது உங்கள் தப்பு, வாரன்டியும் முடிந்துவிட்டது" என்கிறார்கள். வீடு வீடாக மளிகைச் சரக்கு போட்டுப் பிழைக்கிறேன். வழக்குப் போடலாமா?

– வாசகர், திண்டுக்கல்

பதில்: போடலாம். வாரன்டி என்பது வண்டி செய்த கம்பெனி கொடுத்த உறுதி. உங்கள் புகார் வண்டியின் தயாரிப்பைப் பற்றியதல்ல, காசு வாங்கிக்கொண்டு செய்த வேலையைப் பற்றியது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 2(11) சொல்லும் சேவைக் குறைபாடு இது. அதற்கு வாரன்டி இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இதே காரணத்தால் தயாரிப்புக் கம்பெனியை எதிர்தரப்பாகச் சேர்க்காதீர்கள் என்பேன். இத்தனை வருடம் ஓடிய வண்டியில் தயாரிப்புக் குறை என்று சொன்னால் எடுபடாது. பெரிய கம்பெனியின் வக்கீல் வந்து வாய்தா வாங்குவதுதான் மிச்சம்.

டேப் விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நிரம்பியதும் மிதவை மேலே எழும்பி, நீடில் வால்வை அழுத்தி வழியை அடைக்க வேண்டும். நீடிலில் தூசி சிக்கினாலோ, அது தேய்ந்திருந்தாலோ, மிதவையின் உயரம் தப்பாக வைக்கப்பட்டிருந்தாலோ வழி அடைபடாது. வழியும் பெட்ரோல் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகத் தரையில் சொட்ட வேண்டும். அந்தக் குழாயும் அடைத்திருந்தால், இன்டேக் வழியாக சிலிண்டருக்குள் போய், பிஸ்டன் ரிங் இடுக்கில் கசிந்து கிராங்க்கேஸில் இறங்கும். ஆயில் நீர்த்துப்போகும், பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் வழுவழுப்பு கிடைக்காது. வண்டியை நிறுத்தும்போது டேப்பை மூடச் சொல்வது உண்மைதான். நீங்கள் மூடவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம் இழப்பீட்டில் கொஞ்சம் குறைக்கலாம், அதற்கும் தயாராக இருங்கள். ஆனால் டேப் திறந்திருந்தாலும் பெட்ரோலை நிறுத்துவதுதான் நீடிலின் வேலை. அந்த நீடிலில் கடைசியாகக் கை வைத்தவர்கள் அவர்கள்.

என் பார்வையில் உங்கள் வழக்கின் உயிர் முதல் சர்வீஸில் இல்லை, இரண்டாம் முறை போனதில் இருக்கிறது. ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கிறது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். பெட்ரோல் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் புது ஆயில் ஊற்றி அனுப்பினால், அதுவும் கெட்டுப்போகும் என்பது பழகுநர் பையனுக்குக்கூடத் தெரியும். அந்த ஜாப் கார்டில் உங்கள் புகாரை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று உடனே பாருங்கள். 'ஆயில் சேஞ்ச்' என்று மட்டும் இருந்தால், அன்று நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, போன் அழைப்புப் பட்டியல் எதையும் அழிக்காதீர்கள்.

குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. சாட்சி அந்த ஆயில்தான். பெட்ரோல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அதனால் இன்றே எழுத்தில் கொடுங்கள்: "என் எழுத்து அனுமதி இல்லாமல் ஆயிலை வடிக்கவோ என்ஜினைப் பிரிக்கவோ கூடாது." வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள், ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். பிறகு நேரில் போய், ஆயில் அளவையும் கிலோமீட்டர் காட்டும் மீட்டரையும் வீடியோ எடுங்கள். இறுக மூடும் கண்ணாடி பாட்டில் இரண்டில் ஆயிலை எடுத்து, சீல் வைத்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் கலந்த ஆயில் எளிதில் தீப்பிடிக்கும். பக்கத்தில் பீடி சிகரெட் வேண்டாம். கார்புரேட்டரும் பழைய நீடிலும் உங்கள் கைக்கு வர வேண்டும். தேவைப்பட்டால், என்ஜினைப் பிரிக்கும்போது நிபுணர் உடனிருந்து அறிக்கை தர ஆணையத்தில் மனுப் போடலாம்.

வண்டியை எடுக்கப் போனால் பில்லைக் கட்டச் சொல்வார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 170-இன்படி, செய்த வேலைக்குக் கூலி வரும்வரை வண்டியைப் பிடித்து வைக்க மெக்கானிக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. ஆனால் நீங்கள் சம்மதிக்காத, இன்னும் செய்யாத வேலைக்கு அந்த உரிமை கிடையாது. தகராறு முற்றினால் 'ஆட்சேபனையுடன் செலுத்துகிறேன்' என்று எழுதிப் பணத்தைக் கட்டி வண்டியை மீட்டு, வழக்கில் திருப்பிக் கேளுங்கள்.

மளிகை வியாபாரத்துக்கு ஓட்டும் வண்டி ஆயிற்றே, 'வணிக நோக்கம்' என்று தள்ளிவிடுவார்களோ என்ற பயம் வேண்டாம். சுயதொழிலாகப் பிழைப்புக்குப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான் என்று பிரிவு 2(7)-இன் விளக்கமே சொல்கிறது. வண்டி இல்லாமல் போன வருமானத்தையும் கேட்கலாம், கணக்குச் சீட்டு இருந்தால். மன உளைச்சலுக்கு லட்சக்கணக்கில் கேட்கச் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

சர்வீஸ் மதுரையில் நடந்திருந்தாலும் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். நீங்கள் குடியிருக்கும் இடத்தில் கொடுக்க பிரிவு 34 வழிவிடுகிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. முதலில் 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிவு செய்யுங்கள். சர்வீஸ் சென்டர்கள் பல இந்தக் கட்டத்திலேயே பேச வந்துவிடும். வழக்கென்று போனால், ஆணையத்தின் நோட்டீஸ் கிடைத்த 30 நாளில் அவர்கள் பதில் தர வேண்டும். இன்னும் 15 நாள் நீட்டிக்கலாம், அதற்கு மேல் கிடையாது. தீர்ப்புக்குச் சட்டம் சொல்லும் மூன்று மாதம், பரிசோதனை இருந்தால் ஐந்து மாதம் என்பது நடைமுறையில் நீளும்.

என்ஜின் வேலையை அவர்களே இலவசமாகச் செய்து, எழுத்தில் ஆறு மாத உத்தரவாதமும் கொடுக்க முன்வந்தால், ஏற்றுக்கொள்வதே நல்லது. இல்லையென்றால் வழக்கு. அதற்குக் கெடு இரண்டு ஆண்டு. பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதால் அந்தக் கணக்கு நிற்காது.