டாக்டருக்குப் படித்துவிட்டு வேறு வேலையா?

கேள்வி: என் மகள் எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். மேற்படிப்புக்குச் சமூக மருத்துவம்தான் எடுப்பேன் என்கிறாள். “ஆபரேஷன் பண்ணாத டாக்டரை யார் மதிப்பாங்க? இதுக்கா இவ்வளவு பணம் கட்டிப் படிக்க வெச்சீங்க?” என்று உறவினர்கள் கேட்கிறார்கள். எனக்கும் குழப்பமாக இருக்கிறது.
– ஒரு தாய், அத்திபெலே

பதில்: நான் உங்கள் மகளின் பக்கம்தான் அம்மா.

நீங்கள் பெங்களூருக்குப் போகும் ஓசூர் ரோட்டிலேயே, சந்தாபுரா தாண்டியதும் பொம்மசந்திராவில் நாராயணா ஹ்ருதயாலயா மருத்துவமனை இருக்கிறது. அதை நிறுவிய தேவி ஷெட்டி பேர்பெற்ற இதய அறுவை மருத்துவர். கர்நாடகக் கூட்டுறவுச் சங்க விவசாயிகளுக்காக 2003-இல் நடைமுறைக்கு வந்த யஷஸ்வினி காப்பீட்டுத் திட்டத்துக்கு யோசனை தந்தவரும் அவர்தான். தொடக்கத்தில் ஆளுக்கு மாதம் 5 ரூபாய்தான் கட்டணம். கையில் காசில்லாமல் ஆபரேஷனைத் தள்ளிப்போடும் நோயாளிகளை நாள்தோறும் பார்த்த ஒருவருக்குத்தான் அந்தக் கணக்குத் தோன்றும்.

இன்னும் பெரிய உதாரணம் மதுரையில் இருக்கிறது. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, 1918-இல் வடமலாபுரத்தில் பிறந்தவர். உறவுக்காரப் பெண்கள் பேறுகாலத்தில் அடுத்தடுத்து இறந்ததைச் சிறுவயதில் பார்த்து, பிரசவ மருத்துவராக வேண்டும் என்று நினைத்தார். முடக்குவாதம் அவர் விரல்களைக் கோணலாக்கிவிட்டது. பிரசவம் பார்க்க முடியாது என்றானதும் கண் மருத்துவம் படித்தார். அந்த விரல்களுக்கு ஏற்ற கருவிகளைக் கொண்டு ஆபரேஷன் செய்யப் பழகினார். தன் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களுக்கு அறுவை செய்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

அங்கே ஆபரேஷன் அறையில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசை. ஒன்றில் வேலை முடிவதற்குள் அடுத்த நோயாளி மற்றதில் தயாராக இருப்பார். தயார்படுத்துபவர்கள் பெரும்பாலும் கிராமங்களிலிருந்து வந்து அங்கேயே பயிற்சி பெற்ற இளம்பெண்கள். ஆபரேஷன் இலவசம் என்று அறிவித்தும் ஏழைகள் பலர் வரவில்லை. பஸ் காசு, சாப்பாடு, கூட வர ஆள் என்று ஒவ்வொன்றும் அவர்களைத் தடுத்தது. எனவே ஊர்களில் நடத்திய கண் முகாமிலிருந்து நோயாளியை வண்டியில் அழைத்துவந்து, சோறு போட்டு, திரும்பக் கொண்டுபோய் விடும் ஏற்பாட்டைச் செய்தார்கள். கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து யானை விலைக்கு வந்துகொண்டிருந்தது. 1992-இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி அதை இங்கேயே மலிவாகச் செய்தார்கள். பஸ் காசைப் பற்றி யோசித்ததும் மருத்துவம்தான். உங்கள் மகள் கேட்கும் படிப்பு இதைத்தான் சொல்லித்தருகிறது.

முத்துலட்சுமி ரெட்டியை உறவினர்களுக்கு நினைவூட்டுங்கள். 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றவர். சட்டமன்றத்துக்குப் போய் தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவரை விடவில்லை. அவர் முயற்சியால் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. அவர் வெறும் கிளினிக்கோடு நின்றிருந்தால் எத்தனை குடும்பங்களுக்குப் போக இடமில்லாமல் போயிருக்கும்!

மகளிடம் மட்டும் ஒன்று சொல்லுங்கள். இவர்கள் யாரும் நோயாளியைப் பார்க்காமல் திட்டம் போட்டவர்கள் அல்லர். ஹவுஸ் சர்ஜன் ஆண்டை நுழைவுத்தேர்வுப் புத்தகத்தோடு கழித்துவிடக் கூடாது. வார்டில் நிற்கட்டும். ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தும் வராமல்போன நோயாளி ஏன் வரவில்லை என்று விசாரித்துப் பார்க்கட்டும். அதன் பிறகும் சமூக மருத்துவம்தான் வேண்டும் என்றால், தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.