குடுவையில் முளைக்கும் புலி ஆர்க்கிட்

மாணவர்களே, அவரை விதைக்குள் முளைக்குத் தேவையான உணவு இருக்கும். தூசி போன்ற ஆர்க்கிட் விதையில் அது இல்லை. காட்டில் ஒருவகைப் பூஞ்சை ஊட்டினால்தான் அது முளைக்கும். அதனால்தான் ஒரு காயில் எண்ணற்ற விதைகள் இருந்தும் மிகச் சிலவே பிழைக்கின்றன.

ஆய்வகத்தில் சர்க்கரையும் தாது உப்புகளும் கலந்த அகார் கூழ் அந்த வேலையைச் செய்கிறது. (பெருநாளுக்கு வீட்டில் செய்யும் அதே அகார் அகார்தான்!) சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் எரிக் ஹோல்ட்டம் 1928இல் தொடங்கிய குடுவை வளர்ப்பு, இங்கு ஆர்க்கிட் மலர்த் தொழிலுக்கு வழிவகுத்தது. சிங்கப்பூர்க் காடுகளில் அற்றுப்போன புலி ஆர்க்கிட்டும் குடுவையில் பெருகி, இன்று சாலையோர மரங்களில் வளர்கிறது.

காட்டுச் செடியைப் பெயர்த்து விற்றால் ஒருமுறைதான் காசு. காயை மட்டும் பறித்து விதைத்தால் தாய்ச்செடி மரத்திலேயே இருக்கும். நாற்றுகளைக் கிராமத்தார் தொடர்ந்து விற்கலாம். சந்தையில் வேரில் மரப்பட்டை ஒட்டிய ஆர்க்கிட்டைக் கண்டால், எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.