தளர்ந்த சிறுநீரகமும் நீர், பொட்டாசியக் கணக்கும்

சிறுநீரகம் கழிவை வெளியேற்றும் உறுப்பு என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். ஆனால் அதன் பெரும்பணி வரவுசெலவுக் கணக்குப் பார்ப்பதே என்பேன். நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடித்து, ஒன்றரை லிட்டரை மட்டும் சிறுநீராக விட்டு, மற்றதை இரத்தத்திற்கே திருப்பித் தருகிறது. இதைச் செய்பவை ஒவ்வொரு சிறுநீரகத்திலும் உள்ள சுமார் 10 இலட்சம் நெஃப்ரான்கள்.

நீரிழிவு, இரத்தக் கொதிப்பு போன்றவற்றால் இவை ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக அழிவதே நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு. பாதி அழிந்த பின்னும் நோயாளி பெரும்பாலும் ஒன்றும் உணர்வதில்லை. எஞ்சிய நெஃப்ரான்கள் ஒவ்வொன்றும் கூடுதல் சுமையை ஏற்று ஈடுகட்டுகின்றன என்னும் கருத்தை 1960-இல் நீல் பிரிக்கர் என்ற அமெரிக்க மருத்துவ அறிஞர் முன்வைத்தார். ஈடுகட்டுவது உண்மை, ஆனால் கையிருப்பு கரைந்துவிடுகிறது.

முதலில் நீரைப் பார்ப்போம். ஒரு நாளில் சிறுநீரில் கரைந்து வெளியேற வேண்டியவை சுமார் 600 மில்லிஆஸ்மால். நல்ல சிறுநீரகம் லிட்டருக்கு 1200 வரை செறிவாக்கவல்லது. அரை லிட்டர் சிறுநீர் போதும். தளர்ந்த சிறுநீரகமோ இரத்தத்தின் செறிவாகிய 300-ஐ ஒட்டியே நின்றுவிடுகிறது. வகுத்துப் பாருங்கள், 2 லிட்டர் வேண்டும்! நோயாளி இரவில் பலமுறை எழுவது இதனால்தான். சிறுநீர் தாராளமாகப் போகிறதே என்று வீட்டார் மகிழ்வதும் உண்டு. அதே சிறுநீரகத்தால் சிறுநீரை நன்கு நீர்க்கச் செய்யவும் இயலாது. ஆகவே அளவு மீறிக் குடித்த நீர் உடலில் தங்கி, இரத்தத்தின் சோடியத்தை நீர்க்கச் செய்கிறது. நோய் முற்றினால் சிறுநீரே குறைந்து, காலில் வீக்கமும் மூச்சுத் திணறலும் வருகின்றன.

பொட்டாசியத்தின் கதை இதனினும் கொடிது. உடலிலுள்ள பொட்டாசியத்தில் 98 விழுக்காடு செல்களுக்குள்ளேயே உள்ளது. இரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிஈக்விவலன்ட் வரை இருக்கலாம். மிகுந்தால் இதயத்தின் மின்னோட்டம் தடுமாறும். முன்னறிவிப்பின்றி இதயம் நின்றும் போகலாம். மிகுதியை வெளியேற்ற ஆல்டோஸ்டீரோன் என்னும் ஹார்மோன் எஞ்சிய நெஃப்ரான்களைத் தூண்டுகிறது. பெருங்குடலும் தன் பங்குக்கு வழக்கத்தை விட அதிகமாக வெளியேற்றுகிறது. இந்த ஏற்பாடு நெடுநாள் தாங்கும். திடீரென ஒரு சுமை வந்தால் தாங்காது.

என் பெரியப்பா டயாலிசிஸ் செய்துகொள்பவர். அவரைப் பார்க்க வருவோர் அன்போடு கொண்டுவருவது இளநீரும் சாத்துக்குடியும்தான்! ஒரு டம்ளர் இளநீரில் ஏறத்தாழ அரை கிராம் பொட்டாசியம் உண்டு. நமக்கு அது குளிர்ச்சி, அவருக்கு ஆபத்து. வாங்கி வைத்துக்கொண்டு, வந்தவர் போனதும் எங்களிடம் கொடுத்துவிடுவார்.

எங்கள் வீட்டில் அவருக்கான காய்களைச் சிறிதாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, நீரை வடித்துக் கொட்டிவிடுகிறார்கள். பொட்டாசியத்தில் ஒரு பகுதி அந்நீரோடு போய்விடும். சுவையும் போய்விடும் என்பது பெரியப்பாவின் குறை. ‘சோடியம் குறைந்தது’ என்று கடையில் விற்கும் உப்பையும் பெரியம்மா வாங்குவதில்லை. சோடியத்திற்கு மாற்றாக அதில் சேர்க்கப்படுவது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடே.