வாதத்தை வலுவிழக்கச் செய்தல்: ஒரு பாடம்

ஒரு வாதத்தை மறுப்பது வேறு; அதனை வலுவிழக்கச் செய்வது வேறு. முன்னது, முடிவே பொய் என்று நிறுவுவது. பின்னது, கூறப்பட்ட காரணம் அம்முடிவைத் தாங்கப் போதாது என்று காட்டுவது. இவ்வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாகக் காண்போம்.

ஜான் ஸ்டூவர்ட் மில் என்னும் ஆங்கிலேய அறிஞர், பயன்பாட்டுவாதம் பற்றி 1861-இல் வெளியிட்டு 1863-இல் நூலாக்கிய கட்டுரைகளில், இன்பங்களுள் உயர்வு தாழ்வு உண்டு என்றார். இருவகை இன்பத்தையும் துய்த்தறிந்தோரே அதற்கு நடுவர் என்றும், அவர்கள் அறிவின்பத்தையே தேர்வர் என்றும் கூறினார். இதனை அடியொற்றிச் சிலர் பின்வருமாறு வாதிடுவர்:

காரணம்: இரண்டும் அறிந்தோர் அறிவின்பமே உயர்ந்தது என்கின்றனர்.

முடிவு: ஆகவே, மனிதன் மகிழ்ச்சியுடன் வாழ அறிவின்பம் ஒன்றே போதும்.

இவ்வாதத்தின் குறைகளை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

1. ‘உயர்ந்தது’ என்பது ‘போதுமானது’ ஆகாது. பால் சிறந்த உணவு என்பதனால், வாழ்நாள் முழுதும் பால் மட்டுமே போதும் என்போமா?

2. நடுவர் யாவர்? நூல்களிடையே வளர்ந்தவர்கள். உழவரும் நெசவாளரும் தம் கைத்தொழிலில் காணும் இன்பத்தை அவர்கள் உண்மையில் துய்த்தறிந்தனரா? பழக்கமும் விருப்பத்தை உருவாக்கும் அன்றோ?

3. மில்லின் வாழ்க்கையே ஒரு சான்று. 1806-இல் பிறந்த அவருக்குத் தந்தையே ஆசிரியர். மூன்று வயதில் கிரேக்கமும் எட்டு வயதில் இலத்தீனும் தொடங்கின. விடுமுறை இல்லை, நாள்தோறும் ஓய்வு இருந்தும் உடன் விளையாடச் சிறுவர் தோழர் இலர். 1826-இல், இருபது வயதில், தாம் விழைந்த சீர்திருத்தங்கள் யாவும் அக்கணமே நிறைவேறினால் மகிழ்ச்சி உண்டாகுமா என்று தம்மையே வினவினார். ‘இல்லை’ என்றே உள்ளம் விடையளித்தது. நெடுநாள் சோர்வில் ஆழ்ந்தார். இடையறாது பகுத்தாராயும் பழக்கம் உணர்ச்சிகளைத் தேய்த்துவிட்டது என்று அவரே கருதினார். 1873-இல் வெளிவந்த அவரது தன்வரலாற்றில் இவை காணப்படுகின்றன.

இனி, நாம் எதனை நிறுவவில்லை என்பதையும் கருத வேண்டும். அறிவின்பம் பயனற்றது என்று இச்சான்றுகள் காட்டவில்லை. மில்லின் சோர்வு தீரத் துணைநின்றவற்றுள் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகளும் அடங்கும். அவையும் மனத்தால் துய்க்கும் இன்பமே. ‘ஒன்றே போதும்’ என்னும் சொற்களே வலுவிழந்தன. அவற்றை நீக்கி, ‘அறிவின்பமும் வேண்டும்’ என்று திருத்தினால், மேற்கண்ட மூன்று தடைகளும் அதனை அசைக்கமாட்டா.

இஃது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. ‘படிப்பு ஒன்றே இன்பம், விளையாட்டும் தோழமையும் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று பிள்ளைகளிடம் கூறும் பெற்றோரும் ஆசிரியரும் இவ்வாதத்தையே கைக்கொள்கின்றனர். அதன் சுமையைத் தாங்குவோர் பிள்ளைகளே.

பயிற்சி: ‘கற்றோர் பலர் கவலையுடன் வாழ்கின்றனர், ஆகவே கல்வியே கவலைக்குக் காரணம்.’ இவ்வாதத்தில் காரணத்திற்கும் முடிவிற்கும் உள்ள இடைவெளி யாது? அதனை வலுவிழக்கச் செய்யும் சான்று ஒன்றினைக் கூறுக.