உயிரித் தகவலியலில் இளநிலையும் முதுநிலையும்

ஒரே கணினி, ஒரே கருவி, ஒரே பயிற்சி. இவற்றைக் கொண்டே இளநிலை மாணவர்க்கும் முதுநிலை மாணவர்க்கும் பாடம் நடைபெறுமாயின், அவ்விரு வகுப்புக்கும் வேற்றுமை யாது? இவ்வினா சிறிதன்று. வானம் பார்த்த பூமியாகிய வீரசோழன், திருச்சுழிப் பக்கத்துக் குடும்பங்கள், மக்களை மேலும் ஈராண்டு படிப்பிக்க அரும்பாடுபடுகின்றன. அவ்வீராண்டும் முன்னர்க் கற்றதையே மீண்டும் கற்பதிற் கழியலாகாது. ஆதலின் அவ்வேற்றுமையை ஓர் எடுத்துக்காட்டால் ஆராய்வோம்.

வீரசோழன் பக்கத்தில் மண்டிக்கிடக்கும் சீமைக் கருவேலின் இலையினின்று ஆர்.பி.சி.எல். என்னும் மரபணுவின் எழுத்துவரிசை பெறப்பட்டதெனக் கொள்வோம். இளநிலை மாணவர், 1990-இல் வெளிவந்த பிளாஸ்ட் முறையால் அதனை ஜென்பேங்க் தொகுப்போடு ஒப்பிடுகின்றார். ஒப்புமை எத்தனை விழுக்காடு, ஈ-மதிப்பு எவ்வளவு என்று கண்டு, அவற்றின் பொருளைத் தம் சொற்களில் உரைத்தல் வேண்டும். ஈ-மதிப்பாவது, அத்துணைப் பெரிய தொகுப்பில் அத்தகைய ஒப்புமை தற்செயலாகவே எத்தனை முறை நேரலாம் என்னும் கணக்கு. இவ்வளவும் பிழையறச் செய்வாராயின் இளநிலைக்கு அது போதும்.

முதுநிலை மாணவர் அங்கே நின்றுவிடலாகாது. பட்டியலின் தலையில் நிற்கும் பெயரை நம்பலாமோ என்று அவர் ஐயுறல் வேண்டும். அம்மரபணு மெல்ல மாறுவது. நெருங்கிய இனங்களில் வேறுபாடின்றியும் இருத்தல் கூடும். அதனாலன்றோ, 2009-இல் அறிஞர் குழுவினர், தாவரங்களை இனங்காண மாட்-கே என்னும் மரபணுவையும் உடன்சேர்க்குமாறு கூறினர்! பெயரும் நிலையானதன்று. புரோசோபிஸ் எனப்பட்ட சீமைக் கருவேலை 2022-இல் நெல்டுமா என்னும் பேரினத்திற் சேர்த்தனர். நம் நாட்டு வன்னியோ பழைய பேரினத்திலேயே நின்றது. பழைய பதிவுகள் பழைய பெயரோடே கிடைத்தல் கூடும். இவற்றை நோக்கி, எம்மரங்களினின்று எம்மரபணுவை எடுத்தால் ஐயம் தீரும் எனத் தாமே வகுத்து, தம் முடிவு பிழைபடக்கூடிய இடத்தையும் மறையாது எழுதுவதே முதுநிலையாம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரனும் உடனுழைத்தோரும் 1963-இல் வெளியிட்ட புரத வரைபடத்திற்கும் இஃதொக்கும். எல்லைக்குப் புறத்தே விழும் புள்ளிகளை எண்ணுதல் இளநிலை. அப்புள்ளி அளவீட்டுப் பிழையோ, புரதத்தின் இயல்போ எனத் துணிதல் முதுநிலை.

கருவி இருவர்க்கும் ஒன்றே. கொடுத்த வினாவிற்கு விடை காண்பவர் ஒருவர். வினாவைத் தாமே எழுப்பி, விடைக்குப் பொறுப்பேற்பவர் மற்றவர். பாடத்திட்டம் வகுப்போரும் வினாத்தாள் அமைப்போரும் இதனை மறவாதிருப்பாராக.