பழைய அம்பாசடருக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன்: வீட்டிலேயே செய்யலாம் வாங்க!

உங்க வீட்டில் பழைய பெட்ரோல் அம்பாசடர் நிற்கிறதா? அப்படியென்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

அவனியாபுரத்தில் எங்க வீட்டு வாசலில் தாத்தாவின் அம்பாசடர் நிற்கிறது. போன வெயில் காலத்தில் ரிங் ரோட்டில் மூன்று தடவை மிஸ்ஸிங் ஆகி நின்றுபோனது. "இன்னொரு தடவை நின்னா எடைக்குப் போட்டுடுவேன்" என்று அப்பா சொல்லிவிட்டார். எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாற்றலாம் என்றேன். தாத்தா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மாத்துறது சரி, நடுரோட்டுல நின்னா பழையபடி போட முடியுமாடா?" அந்தக் கேள்வியை வைத்துத்தான் நான் சர்க்யூட்டையே முடிவு செய்தேன்.

முதலில் பழைய முறையைப் புரிந்துகொள்வோம். 1489 சிசி இன்ஜினில் லூகாஸ் வகை டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும். பழைய மெக்கானிக்குகள் இதை 'டெல்கோ' என்பார்கள். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் 1909-ல் தொடங்கிய கம்பெனியின் பெயர் அது. பேட்டரி, காயில், பாயிண்ட் சேர்ந்த இந்த முறையைக் காரில் நிலைநிறுத்தியவர் அவர்தான். நம்ம மதுரையில் வளர்ந்த டிவிஎஸ், பிரிட்டனின் லூகாஸுடன் சேர்ந்து 1961-ல் லூகாஸ்-டிவிஎஸ்ஸைத் தொடங்கியது.

சி.பி. பாயிண்ட் என்பது வெறும் சுவிட்ச். மூடியிருக்கும்போது காயிலில் கரன்ட் ஓடிக் காந்தப்புலம் உருவாகும். திறந்த நொடியில் புலம் சரியும், செகண்டரியில் பல ஆயிரம் வோல்ட் எழும், பிளக்கில் பொறி வரும். 3000 ஆர்பிஎம்மில் ஒரு செகண்டுக்கு 100 பொறிகள்! காயில் பிரைமரி 3 ஓம் என்றால், 12 வோல்ட்டில் 4 ஆம்பியர். இவ்வளவு கரன்ட்டை வெட்டி வெட்டித்தான் பாயிண்ட் முனைகள் கருகிக் குழி விழுகின்றன.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பாயிண்ட்டையே எடுத்துவிட்டு ஹால் சென்சார் வைப்பது. தேய்மானமே இல்லை, ஆனால் வழியில் கெட்டால் டோ வண்டிதான். இரண்டாவது, பாயிண்ட்டை அங்கேயே விட்டுவிட்டு, கரன்ட்டை வெட்டும் வேலையை மட்டும் டிரான்சிஸ்டரிடம் கொடுப்பது. தாத்தா கேள்விக்கு இரண்டாவதுதான் பதில்.

சர்க்யூட்

இக்னிஷன் சுவிட்சிலிருந்து 47 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் வழியாகப் பாயிண்ட்டுக்கு சப்ளை கொடுங்க. இப்போது பாயிண்ட் வழியாகப் போவது கால் ஆம்பியர்தான். அதையும் ரொம்பக் குறைத்துவிடாதீங்க. முனையில் படியும் எண்ணெய்ப் படலத்தை எரிக்கக் கொஞ்சம் கரன்ட் வேண்டும்.

காயில் நெகட்டிவில் இக்னிஷனுக்கென்றே வரும் ஐ.ஜி.பி.டி. போடுங்க. அதற்குள்ளேயே சுமார் 400 வோல்ட் கிளாம்ப் இருக்கும். கையில் கிடைத்த சாதாரண டிரான்சிஸ்டர் தாங்காது.

நான் செய்த தப்பு இதுதான். பாயிண்ட் மூடினால் சிக்னல் பூஜ்யம். ஆனால் அப்போதுதான் ஐ.ஜி.பி.டி. ஆன் ஆக வேண்டும். அதனால் நடுவில் ஒரு இன்வெர்ட்டர் நிலை அவசியம். நான் அதை மறந்துவிட்டேன். பொறி வந்தது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, சைலன்சரில் 'டப்' என்று வெடித்தது. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். பேப்பரில் கணக்குப் போட்டபோது புரிந்தது. பாயிண்ட் 60 டிகிரி மூடி, 30 டிகிரி திறந்திருக்கும். பொறி திறக்கும்போது வராமல் மூடும்போது வந்தால் டிஸ்ட்ரிபியூட்டரில் 30 டிகிரி தாமதம். கிராங்க் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றுவதால் அங்கே 60 டிகிரி!

பழைய கண்டென்சரை எடுக்க வேண்டுமா? 47 ஓம், 0.2 மைக்ரோஃபாரட் சேர்ந்தால் தாமதம் சுமார் 10 மைக்ரோ செகண்ட். 3000 ஆர்பிஎம்மில் அது கிராங்க் கணக்கில் 0.18 டிகிரிதான். அதனால் அப்படியே விட்டுவிட்டேன். பழைய முறைக்குத் திரும்பினால் அது தேவைப்படும்.

மாற்றுவதற்கு முன்

டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்க. ஆடினால் முதலில் புஷ் மாற்றுங்க. அந்த ஆட்டத்தை எந்த எலக்ட்ரானிக்ஸும் சரிசெய்யாது. ஃபீலர் கேஜ் வைத்து பாயிண்ட் இடைவெளியை 0.015 அங்குலத்துக்குக் கொண்டுவந்து, டைமிங் செட் பண்ணுங்க. பேட்டரியின் எந்த முனை பாடியில் எர்த் ஆகியிருக்கிறது என்றும் பாருங்க. மிகப் பழைய பிரிட்டிஷ் வகைக் கார்களில் பாசிட்டிவ் எர்த் இருக்கலாம். இந்த சர்க்யூட் நெகட்டிவ் எர்த்துக்கு மட்டும்.

கவனம்

• பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு வேலை செய்யுங்க.
• இன்ஜின் ஓடாதபோது சாவியை ஆனில் விடாதீங்க. பாயிண்ட் மூடியிருந்தால் கிட்டத்தட்ட 48 வாட் சூடு காயிலில் இறங்கும்.
• பிளக் வயரைக் கழற்றிக் காற்றில் தொங்கவிட்டு கிராங்க் பண்ணாதீங்க. ஐ.ஜி.பி.டி. போய்விடும், கையில் பட்டால் நமக்கும் ஆபத்து.
• மாட்யூலை ஹீட் சிங்க்கோடு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து தள்ளி மாட்டுங்க. மதுரை வெயிலில் பானட்டுக்குள் என்ன சூடு என்று சொல்லத் தேவையில்லை.

நடுரோட்டில் நின்றால்?

சாவியை ஆஃப் பண்ணுங்க. மாட்யூலிலிருந்து காயில் நெகட்டிவுக்கு வரும் வயரைக் கழற்றுங்க. பாயிண்ட் வயரை மாட்யூலிலிருந்து உருவி காயில் நெகட்டிவில் மாட்டுங்க. மாட்யூலின் எந்த வயரும் காயில் நெகட்டிவிலோ பாயிண்ட்டிலோ மிச்சம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். பொறி பிறப்பது இரண்டு முறையிலும் பாயிண்ட் திறக்கும் நொடியில்தான், அதனால் டைமிங்கைத் தொட வேண்டாம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். இதனால் கார் பறக்காது. முனைகள் கருகுவது நின்றுவிடும், ஆனால் பாயிண்ட்டின் ஹீல் கேமில் உரசித் தேய்வது தொடரும். அதனால் துளி கிரீஸ் வைப்பதும், அவ்வப்போது இடைவெளி பார்ப்பதும் உங்க வேலை. அமெரிக்காவில் கிறைஸ்லர் கம்பெனி 1973 மாடல் கார்களிலேயே பாயிண்ட்டை முழுசாக விட்டுவிட்டது. நம்ம அம்பாசடரோ 2014 வரை உத்தர்பாராவில் தயாரானது. பாயிண்ட் வைத்த வண்டிகள் இன்னும் நம்ம தெருக்களில் இருக்கின்றன. அதைக் கையால் செட் பண்ணத் தெரிந்த மெக்கானிக்குகள்தான் குறைந்துவிட்டார்கள்.

வேலை முடிந்ததும் தாத்தா தானே ஒரு தடவை வயர்களை மாற்றிப் போட்டு ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தார். ஆறு நிமிடம் ஆனது. பிறகு திரும்பவும் மாட்யூலை மாட்டச் சொல்லிவிட்டு, ஒரு ஸ்க்ரூ டிரைவரையும் ஃபீலர் கேஜையும் துணியில் சுற்றி டிக்கியில் வைத்தார். எடைக்குப் போடும் பேச்சை அப்பா இதுவரை எடுக்கவில்லை.